பதினான்காம் பத்தி

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று கடிதங்கள் அனுப்பினேன்.

முதலாவது, ஒரு நாளிதழின் ஆசிரியருக்கு. "வாயில் லாம்டோ போட்டுக்கொண்ட அமைச்சர்" என்று தலைப்பிட்டிருந்தார்கள். எங்கள் தயாரிப்பு குழாய்க் கசிவை அடைப்பதற்கானது, வாயில் பயன்படுத்தத் தக்கதன்று என்பதை முதல் பத்தியிலும், அச்சொல் பதிவுபெற்ற வணிகக்குறி என்பதை இரண்டாம் பத்தியிலும் தெரிவித்தேன். இரண்டாவது, மூன்றாம் வகுப்புப் பாடநூலைத் தொகுத்த குழுவுக்கு: "மழை வந்தது. அப்பா கூரைக்கு லாம்டோ வைத்தார்." மூன்றாவது, "எல்லா கம்பெனி லாம்டோவும் கிடைக்கும்" என்று பலகை மாட்டியிருக்கும் ஹார்டுவேர் கடைக்காரருக்கு. அவருக்கு இது இரண்டாம் கடிதம். முதல் கடிதத்தைக் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாராம். தொலைபேசியில் கேட்டேன்.

"சார், உங்க லெட்டர் வந்ததுல இருந்து கடைக்குக் கூட்டம் ஜாஸ்தி. இன்னொண்ணு அனுப்புங்க. இந்தப் பக்கக் கதவு காலியா இருக்கு."

அனுப்பிவிட்டேன். வேறு வழியில்லை. எதிர்ப்புத் தெரிவிக்காமல் விட்ட ஒவ்வொரு நிகழ்வும் பின்னாளில் நமக்கு எதிரான சான்றாகும்.

லாம்டோ என்பது இருபத்தொரு ஆண்டுகளாக நான் சட்ட ஆலோசகராக இருக்கும் நிறுவனத்தின் வணிகக்குறி. அதை வினையாக்கக் கூடாது, பன்மையாக்கக் கூடாது, தனித்து நிற்க விடவும் கூடாது. "லாம்டோ வணிகக்குறி கொண்ட கசிவடைப்புப் பசை" என்றே எழுத வேண்டும். நிறுவனத்தின் பயன்பாட்டுக் கையேடு அப்படிச் சொல்கிறது. கையேட்டை எழுதியவன் நான். இந்நாட்குறிப்பிலும் அதையே கடைப்பிடிக்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை என்பது விதிவிலக்குக்குப் போதிய காரணமாகாது.

மார்ச் 6, வியாழன்

இரவு உணவின்போது மகள் தன் கல்லூரித் தோழியைப் பற்றி, "அவ வாய்க்கு லாம்டோதான் போடணும்" என்றாள். திருத்தினேன்.

"சரிப்பா. அவ வாய்க்கு லாம்டோ வணிகக்குறி கொண்ட கசிவடைப்புப் பசையைப் போடணும்." சற்று யோசித்தாள். "சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோவமே போயிடுச்சு."

மனைவி குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12, புதன்

நான் பத்தாண்டுகளாக எதிர்பார்த்தது வந்துவிட்டது. ஸ்டிக்ரான் என்ற பெயரில் அதே வகைப் பசையைச் செய்யும் நிறுவனம் வணிகக்குறிப் பதிவகத்தில் மனுச் செய்திருக்கிறது. லாம்டோ என்பது இப்போது ஒரு நிறுவனத்தின் பெயரன்று, ஒரு பொருளின் பெயர், நாற்காலி என்பதுபோல, வாளி என்பதுபோல. ஆகவே பதிவை நீக்க வேண்டுமாம். மனு ஏற்கப்பட்டால் நாளை முதல் யார் வேண்டுமானாலும் அச்சொல்லைத் தம் டப்பாவில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் சட்டக் கல்லூரி வகுப்புத் தோழன். அன்றே அவனுக்குக் கொக்கி என்று பெயர். பேராசிரியர் உதிர்க்கும் ஏதேனும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும் வரை தொங்குவான்.

நிர்வாக இயக்குநர் மனுவை முழுவதும் படித்துவிட்டு மேசையில் கிடந்த மஞ்சள் டப்பாவைக் கையில் எடுத்தார்.

"எங்கப்பா வச்ச பேரு. என் பேரு கூட அவர் வைக்கல, எங்க அத்தை வச்சது. இதுக்கு மட்டும்தான் அவரே உக்காந்து யோசிச்சு வச்சாரு. இந்தப் பேரு போச்சுன்னா நாம யாரு?"

"பசை தயாரிப்பவர்கள்" என்றேன்.

"அதான் கேக்கறேன்."

நிறுவனத்தின் சார்பில் பிரமாணப் பத்திரம் நான் தர வேண்டும் என்பது அவர் விருப்பம். "உங்க வார்த்தைக்கு ஒரு கனம் இருக்கு. ஊர்ல எல்லாருக்கும் நோட்டீஸ் அனுப்பின கை."

மார்ச் 15, சனி

மனைவி சிங்க்கின் கீழே குனிந்து பார்த்தாள். "இங்க மறுபடியும் ஈரமா இருக்கு. 'அது' வைக்கணும் போல."

"எது?"

"அதுதான். பேரைச் சொன்னா திருத்துவீங்க."

நான் ஒரு கிண்ணத்தை எடுத்துக் குழாயின் கீழே வைத்தேன்.

"எங்க பாட்டி காலத்துல புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்களாம். நான் உங்க பேரை வாய் நிறையச் சொல்றேன். பசை பேரைத்தான் சொல்ல முடியல."

மார்ச் 21, வெள்ளி

பிரமாணப் பத்திரம் முடிந்தது. இருபத்திரண்டு பத்திகள். ஒவ்வொன்றையும் இடது கையில் அளவுகோலை வைத்து வரி வரியாகச் சரிபார்த்தேன்.

பதினான்காம் பத்தியை இங்கே பதிந்து வைக்கிறேன்: "நான் என் அலுவலிலும் சொந்த வாழ்விலும், எழுத்திலோ பேச்சிலோ, மேற்படிச் சொல்லை வணிகக்குறியாக அன்றி ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. என் வீட்டாரும் அதன் தன்மையை நன்கு அறிவர்."

இயக்குநர் அந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தார். "இது போதும்" என்றார். அவர் கேட்டு எழுதியதன்று, நானாகச் சேர்த்தது. உறுதிமொழி அலுவலர் முன் சத்தியம் செய்து கையெழுத்திட்டேன். இன்றே தாக்கலாகிவிட்டது.

மார்ச் 22, சனி

பதினான்காம் பத்தியை மீண்டும் படித்தேன். நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

கருத்துக் கணிப்பின் முடிவு வந்தது. நானூறு பேரிடம் ஒழுகும் குழாயின் படத்தைக் காட்டி, இதற்கு என்ன வாங்குவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் லாம்டோ என்றார்கள். எங்கள் வணிகக்குறியின் புகழுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று எழுதினேன்.

மாலையில் கொக்கியின் மனுவுக்கான இணைப்பு வந்தது. அவர்களும் கணிப்பு நடத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கும் தொண்ணூற்றொன்று. வணிகக்குறி இறந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சிங்க்கின் கீழ் இருந்த ஈரம் இன்று காலை தண்ணீராகிவிட்டது. மனைவி பிளம்பரை அழைத்தாள். எங்கள் கட்டடத்தின் முப்பத்தாறு வீடுகளுக்கும் அவர் ஒருவரே. வந்தவுடன் பையிலிருந்து நீளமான நோட்டை எடுத்து என் முன் நீட்டினார்.

அந்த நோட்டு என் ஏற்பாடு. மூன்றாண்டுகளுக்கு முன், யார் என்ன சொன்னார்கள் என்று சண்டை வந்தபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் விதி செய்தேன்: குறையை வீட்டார் தம் கைப்பட எழுத வேண்டும், என்ன பொருள் போட்டார் என்பதைப் பிளம்பர் அதன் கீழே எழுத வேண்டும், வேலை முடிந்ததும் வீட்டார் கையெழுத்திட வேண்டும். அன்று முதல் சண்டை இல்லை.

"போன தடவையும் இதே இடம்தான் சார்" என்று அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். "இதோ, நவம்பர் பதினெட்டு. ஸ்டிக்ரான் அஞ்சு மாசம் தாங்கியிருக்கு. பரவாயில்லை."

படித்தேன். அப்படியே நகலெடுக்கிறேன்.

"சமையலறை சிங்க்கின் கீழ்க் குழாயில் கசிவு. உடனே லாம்டோ போட்டு அடைக்கவும்."

அதன் கீழே பிளம்பரின் எழுத்தில்: "ஸ்டிக்ரான் – 1."

அதன் கீழே: "வேலை திருப்தி." பிறகு என் கையெழுத்து.

எழுத்து என்னுடையது. என் 'ழ'வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும். ஐயத்துக்கு இடமில்லை.

"இதில் நீங்கள் போட்டது ஸ்டிக்ரான்" என்றேன்.

"ஆமா சார்."

"நான் கேட்டிருப்பது வேறு."

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "லாம்டோ போடச் சொல்லியிருக்கீங்க. போட்டிருக்கேன்."

"நீங்கள் போட்டது ஸ்டிக்ரான்."

"அதுவும் லாம்டோதான சார். ஒரிஜினல் வேணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்." சிங்க்கின் கீழ் படுத்துக்கொண்டார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "இப்ப எதைப் போடட்டும்?"

மனைவி எனக்காகச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கவனிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இன்று எதையும் எழுதப் போவதில்லை. எழுதினால் ஆவணமாகும்.

ஏப்ரல் 10, வியாழன்

இயக்குநரிடம் தெரிவித்தேன். முழுவதும் கேட்டார்.

"அந்த நோட்டு இப்ப எங்க?"

"பிளம்பரிடம். இன்னும் நான்கைந்து பக்கங்கள் மிச்சம். நிரம்பியதும் சங்க அலுவலகத்து அலமாரிக்கு வரும்."

"சாவி?"

"என்னிடம்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே மஞ்சள் டப்பாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "தண்ணிக் குழாய் நோட்டு. அதுல தண்ணி படாதா?"

நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"நான் எதுவும் சொல்லல. நீங்களும் எதையும் கேக்கல. அந்தப் பத்தியை எழுதுங்கன்னு நான் சொன்னேனா?"

"இல்லை."

"நீங்களா எழுதினது. நீங்களே பாத்துக்குங்க."

ஏப்ரல் 12, சனி

இந்தப் பதிவை ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

மனைவியிடம் நவம்பர் பதினெட்டாம் தேதியைப் பற்றிக் கேட்டேன். நினைவிருக்காது என்று எண்ணியே கேட்டேன்.

"ஏன் இல்லாம? சமையக்கட்டு பூரா தண்ணி. உங்களுக்கு அன்னிக்கு ஏதோ வாய்தா. சாக்ஸோட தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, 'வீட்டுல ஒரு லாம்டோ கூட இல்லையா? லாம்டோ கம்பெனியில வேலை பாக்கறவன் வீட்டுல ஒரு லாம்டோ இல்லையா?'ன்னு கத்துனீங்க. நாலு தடவை."

"நான்கு முறையா?"

மகள் தன் அறையிலிருந்து, "அஞ்சு" என்றாள்.

"நீங்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"இருபது வருஷத்துல ஒரு நாள் மனுஷன் மாதிரிப் பேசுனீங்க" என்றாள் மனைவி. "கெடுக்க வேணாம்னு விட்டுட்டோம்."

இதற்கு நான் என்ன சொல்ல? என் வீட்டாரும் அதன் தன்மையை நன்கு அறிவர் – ஆமா, நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்காங்க. எனக்குத்தான் தெரியல. ஊரையே திருத்தினேன். பாடப் புஸ்தகத்தை, பேப்பர்காரனை, வாயைத் திறந்த பெத்த பொண்ணை. அஞ்சு தடவை கத்தியிருக்கேன், ஒரு தடவை கூட என் காதுல விழல. சத்தியம் வேற பண்ணிட்டு வந்தேன்.

நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருபோதும் என்று எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் என்று எழுதியிருக்கலாம். அந்த ஒரு சொல்லை நானே தேர்ந்தெடுத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சென்ற ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் 18: "காலையில் குழாய் கசிவு. லாம்டோ வைத்து அடைத்தாயிற்று. வாய்தாவுக்கு ஏழு நிமிடம் தாமதம்."

ஆக, சான்றுகள் இரண்டு.

ஏப்ரல் 17, வியாழன்

கொக்கி தொலைபேசியில் அழைத்தான். குறுக்கு விசாரணைக்கு மே 14 சரிப்படுமா என்று கேட்பதற்கு.

"டேய், உன் பத்திரத்தைப் படிச்சேன். பதினாலாவது பத்தி பிரமாதம்டா."

"அப்படியா."

"ஒருபோதும்னு போட்டிருக்க. எனக்கு அந்த மாதிரி வார்த்தைன்னா உயிரு. ஆனா உன்னை எனக்குத் தெரியும். நீ ஹாஸ்டல் சாப்பாட்டு டோக்கன்லயே தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினவன். அதைத் தொட்டா என் கைதான் சுடும். அந்தப் பத்தியை விட்டுட்டேன். அதுல கேள்வியே கேக்கப் போறதில்ல."

மே 14 சரிப்படும் என்றேன்.

அவன் ஏதேனும் சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

பிளம்பர் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "ரொம்பிடுச்சு சார். புதுசு ஒண்ணு வேணும்." புதியது கொடுத்தேன். பழையதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சங்க விதி 9: நிரம்பிய பதிவேடுகளைச் செயலாளர் தம் விருப்பப்படி அப்புறப்படுத்தலாம். விதி 9-ஐ எழுதியவனும் நான்தான்.

சாவி சட்டைப் பையில் இருக்கிறது. சிறிய சாவி. உட்காரும்போது குத்துகிறது.

ஏப்ரல் 24, வியாழன்

சட்ட நிலை என்ன? கையெழுத்திட்ட அன்று அது பொய்யன்று; எனக்கு நினைவில்லை. அறிந்த பிறகும் அதைப் பதிவகத்தில் நிற்க விட்டால்? இன்று முதல் ஒவ்வொரு நாளும் நான் மீண்டும் கையெழுத்திடுவதற்குச் சமம். இதற்கு நூலைப் புரட்ட வேண்டியதில்லை. ஆயினும் புரட்டினேன். நூலும் அதையே சொல்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

கூடுதல் பிரமாணப் பத்திரம் ஒன்று தயாரித்தேன். நான்கே பத்திகள். பதினான்காம் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன், காரணம் இது, நோட்டின் அப்பக்கத்தின் நகல் இணைப்பு ஒன்று, என் நாட்குறிப்பின் வரி இணைப்பு இரண்டு. "அச்சமயம் வீட்டில் எங்கள் தயாரிப்பு இருப்பில் இல்லை" என்பதையும் சேர்த்தேன். முழுமைக்காக.

தாக்கல் செய்யும் முன் இயக்குநரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"இதைக் கொடுத்தா நாம தோத்தோம். தெரியுமில்ல?"

"வாய்ப்பு இருக்கிறது."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நம்ம ஆளே நம்ம பேரைப் பொது வார்த்தையாப் பயன்படுத்தினாருன்னு நாமே போய்ச் சொல்றோம்." மேசையிலிருந்த மஞ்சள் டப்பாவைத் திருப்பி வைத்தார். "எங்கப்பா இருந்திருந்தா உங்களை என்ன பண்ணியிருப்பாருன்னு யோசிக்கிறேன்."

"என்ன செய்திருப்பார்?"

"தெரியல. நான் என்ன பண்ணுவேன்னு சொல்றேன். இனிமே நீங்க இந்த வழக்குல சாட்சி. எங்க ஆலோசகர் இல்ல. இந்த வழக்குக்கும் சரி, மத்ததுக்கும் சரி."

துணை ஆலோசகரிடம் கோப்புகளை ஒப்படைத்தேன். பதினோரு ஆண்டுகள் எனக்கு எதிர் மேசையில் இருந்த பெண்மணி. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கினார். நான் பழக்கியது.

பிற்பகல் மூன்றரை மணிக்கு என் பத்திரத்தை நானே பதிவகத்தில் கொடுத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கொக்கி அழைத்தான். "பைத்தியமாடா உனக்கு?" என்று கேட்டான். பிறகு, "அந்த பிளம்பர் அட்ரஸ் குடு" என்றான்.

மே 14, புதன்

பதிவகத்தின் இரண்டாம் மாடி. பதிவு அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு கேட்பவர். முதலில் என்னை அழைத்தார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?" கொக்கி என்னை 'நீங்க' என்று சொல்லி முதல் முறையாகக் கேட்கிறேன்.

"ஆம்."

"கம்பெனியோட கையேட்டை எழுதினது யாரு?"

"நான்."

"அந்தக் கையேட்டின்படி 'லாம்டோ போட்டு'ன்னு எழுதலாமா?"

"கூடாது."

"அப்படி எழுதினப்ப எந்தக் கம்பெனியை மனசுல வச்சிருந்தீங்க?"

எத்தனையோ விடைகளை ஆயத்தம் செய்திருந்தேன். "எந்தக் கம்பெனியையும் நினைக்கவில்லை. தரையில் நின்ற தண்ணீரை நினைத்தேன்."

அதிகாரி குனிந்து எழுதினார். கொக்கி அமர்ந்துவிட்டான். இயக்குநர் பின்வரிசையில் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து பிளம்பர், கொக்கியின் சாட்சியாக. சலவைச் சட்டை. கருவிப் பையை வெளியே வைக்க மறுத்து மடியிலேயே வைத்திருந்தார்.

"லாம்டோன்னா என்ன?"

"ஓட்டையை அடைக்கிறது சார்."

"யார் தயாரிக்கிறாங்க?"

"நிறையப் பேரு."

கொக்கிக்கு அது போதும். துணை ஆலோசகர் எழுந்தார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் எதுவும் கேட்டிருக்க மாட்டேன்.

"சார் லாம்டோ கேட்டிருக்காரு. நீங்க ஸ்டிக்ரான் போட்டீங்க. ஏன்?"

"லாம்டோன்னு மட்டும்தான் எழுதியிருந்தாரு. ஒரிஜினல் லாம்டோன்னு எழுதல."

"ஒரிஜினல்னா?"

பிளம்பர் அவரை இரக்கத்துடன் பார்த்தார். "மஞ்சள் டப்பாம்மா. கல்லு மாதிரி நிக்கும். என் வீட்டுக்கு நான் அதைத்தான் போடுவேன்."

"அதையும் நிறையப் பேரு பண்றாங்களா?"

"அது எப்படி? அது ஒரே கம்பெனிதான்."

"எந்தக் கம்பெனி?"

"என்னம்மா கேக்கறீங்க, லாம்டோக்காரங்கதான்."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, அந்த விடையை மீண்டும் படித்துக் காட்டச் சொன்னார்.

படிக்கட்டில் கொக்கி என் தோளில் கை வைத்தான். "உன் பிளம்பரை நான் கூப்பிட்டிருக்கவே கூடாதுடா."

ஏப்ரல் 8-ஆம் தேதிப் பதிவைப் புரட்டிப் பார்த்தேன். ஒரிஜினல் என்ற அதே சொல்லை அன்று என் சமையலறையிலேயே பிளம்பர் சொல்லியிருக்கிறார். எழுதியும் வைத்திருக்கிறேன். படிக்கவில்லை.

மே 15, வியாழன்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பது எப்படி என்று தெரியவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மனைவி ஏற்கெனவே ஊற்றியிருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. பதிவு நீடிக்கிறது.

முழுவதும் படித்தேன். பொதுமக்கள் அச்சொல்லைப் பொதுப்பெயராகவும் ஆளுகிறார்கள் என்பது உண்மை. எனினும் ஒரிஜினல் எது என்று கேட்டால் இன்னும் ஒரே இடத்தைக் காட்டுகிறார்கள். அந்த இடம் இருக்கும் வரை பதிவும் இருக்கும். பிளம்பரின் சாட்சியம் ஒன்றரைப் பக்கம் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. நான் ஒரு வரியில் வருகிறேன்: "வணிகக்குறியைக் காக்கக் கடமைப்பட்டவரே அதை இவ்வாறு பயன்படுத்தியிருப்பது வருந்தத்தக்கது."

சரியான சொல்தான்.

மனைவி கேட்டாள்: "அப்ப நீங்க அந்த ரெண்டாவது பத்திரத்தைக் குடுக்காம இருந்திருந்தா?"

"பிளம்பர் வந்திருக்க மாட்டார்."

"இதை உங்க டைரக்டர் கிட்ட யாராவது சொன்னாங்களா?"

"படித்திருப்பார்."

ஜூன் 24, செவ்வாய்

நிறுவனத்தின் வண்டி வந்து ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. உள்ளே இருபத்து நான்கு மஞ்சள் டப்பாக்கள். மேலே இயக்குநரின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "இனி வீட்டில் இருப்பில் இல்லை என்று யாரும் எழுத வேண்டாம்."

இது மன்னிப்பா, கண்டனமா என்று நெடுநேரம் ஆராய்ந்தேன். இரு பொருளுக்கும் இடம் இருக்கிறது. திரும்ப வரும்படி அதில் இல்லை.

பெட்டியை சிங்க்கின் கீழே வைத்தோம். மகள் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆயுசுக்கும் போதும்" என்றாள். எந்தப் பொருளின் பெயரையும் சொல்லவில்லை. பழக்கம்.

ஜூலை 12, சனி

வாடகை ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லும் வேலை சிறிது சிறிதாக வருகிறது. இரண்டாம் மாடி வீட்டுக்காரர், "சார், ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போன பிறகே கவனித்தேன், அதுவும் ஒரு நிறுவனத்தின் வணிகக்குறி; நான் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மேல்தண்ணீர்த் தொட்டியில் கசிவு. செயலாளர் என்ற முறையில் கீழ்த்தளப் பலகையில் அறிவிப்பு எழுதி வைத்தேன்: "நாளை காலை தொட்டிக்கு லாம்டோ வைக்கப்படும். இரண்டு மணி நேரம் தண்ணீர் வராது."

பிளம்பருக்கு நம் பெட்டியிலிருந்து மூன்று டப்பாக்கள் எடுத்துக் கொடுத்தேன். புதிய நோட்டில் அவர் எழுதியது: "ஒரிஜினல் – 3."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதிவுத் தபாலில் எனக்கு ஒரு கடிதம். அனுப்புநர், நிறுவனத்தின் சட்ட ஆலோசகர். முன்னாள் துணை ஆலோசகர். மனைவி பிரித்து உரக்கப் படித்தாள்.

"ஐயா, தங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் எங்கள் பதிவுபெற்ற வணிகக்குறி, பொருளின் பெயர் இன்றித் தனித்துப் பயன்படுத்தப்பட்டிருப்பது எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது…"

யார் கொண்டுவந்தார்கள் என்று கடிதம் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"இது நீங்க எழுதின லெட்டர்ப்பா" என்றாள் மகள். "ஒரு வார்த்தை மாத்தல."

உண்மை. இரண்டாம் பத்தியில் நான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வைத்த அரைப்புள்ளி அதே இடத்தில் இருக்கிறது. நல்ல கடிதம். படிப்பவருக்குச் சற்று எரிச்சல் வரும் என்பதை எழுதியபோது நான் உணர்ந்திருக்கவில்லை.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

கீழே இறங்கிப் போய்ப் பலகையில் அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே அதை ஒட்டினேன். நான்கு மூலையிலும் கொஞ்சம் லாம்டோ வைத்தேன். வலப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.